பத்துக்கு ஆறு

ஓசூர் பழைய இரும்புக் கடையில்
எடைக்குக் கிடந்தது. நானூறு ரூபாய்.
பித்தளை விளிம்பு, வட்ட முகம்,
புயல் மழை மாற்றம் தெளிவு என்று
நான்கே சொல் தெரிந்த ஒரு முள்.

தளிக்குக் கொண்டுவந்து மாட்டியதும்
புயலுக்கும் கீழே போய் ஒட்டிக்கொண்டது.
வெளியே நல்ல வெயில்.
"அக்கா, உங்க மெஷினுக்கு ஜொரம்" என்றான் பைரேஷ்.

ஜொரம் இல்லை. அது கடற்கரைக்குச் செய்தது.
மூவாயிரம் அடி ஏறி வந்தவர்களுக்குத்
தலைமேல் காற்று கொஞ்சம் குறைவு.
முதுகில் ஒரு திருகு இருந்தது.
மெல்லத் திருப்பித் திருப்பிக்
கடலின் நினைப்பை விட வைத்தேன்.
அதற்குப் பின் அது காட்டும் எண்ணை நம்பியதில்லை,
நேற்றிலிருந்து எவ்வளவு நகர்ந்தது
என்று மட்டும் எழுதினேன்.

ஐப்பசியில் தொடங்கியது நோட்டு.
காலை பத்துக்கு ஏறுகிறது, மாலை நாலுக்கு இறங்குகிறது,
இரவு பத்துக்கு மறுபடி ஏற்றம்,
விடியற்காலை நாலுக்கு மறுபடி இறக்கம்.
மழை வந்தாலும் வராவிட்டாலும்.
காற்றுக்கும் ஷிப்ட் உண்டு.
ஷிப்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சேதி.

சேதி வேண்டியது திம்மராயப்பாவுக்கு.
நாலு ஏக்கர் பாலிஹவுஸ், சிவப்பு ரோஜா, பேங்க் கடன்.
பிப்ரவரி எட்டுக்குள் பெட்டி விமானம் ஏற வேண்டும்,
காதலர்கள் அதற்குமேல் காத்திருக்க மாட்டார்கள்.
கவாத்து எந்தத் தேதி?
மார்கழி இறுகினால் மொட்டு தூங்கும்,
கத்தரியை முன்னாலேயே எடுக்க வேண்டும்.
மார்கழி இளகினால் ஜனவரியிலேயே வாய் திறந்துவிடும்,
அப்புறம் மாலை கட்டுகிறவர் கேட்கும் விலைதான்.

மூன்று வருஷ நோட்டு.
முள் நாலு நாளுக்கொருமுறை சரிந்த ஐப்பசிக்குப் பின்
மேகம் கலையாமல் நின்றது,
இரவு பதினாலு டிகிரி.
முள் மேலேயே உட்கார்ந்திருந்த இரண்டு ஐப்பசிக்கும் பின்
துடைத்துவிட்ட வானம்,
பைரேஷின் பைக் சீட்டில் பனி ஈரம், எட்டு டிகிரி.
மூன்றுக்கு மூன்று.
திம்மராயப்பா என்னை ஜோசியரம்மா என்று கூப்பிட்டார்.
எனக்கு அது பிடித்திருந்தது.
அதுதான் தப்பு.

நாலாம் வருஷம் முள் மேலே.
"குளிர்" என்றேன், டீயை ஆற்றிக்கொண்டே.
நவம்பர் இருபத்தாறில் வெட்டினோம்.
மார்கழியில் ஸ்வெட்டர் ஆணியிலேயே தொங்கியது.
வங்காள விரிகுடாவில்
யாரும் எதிர்பாராத ஒரு சுழற்சி,
அது போகுமுன் இன்னொன்று.
பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில்
நாலு ஏக்கரும் பூத்து நின்றது.
அவ்வளவு அழகை அவ்வளவு கோபத்தோடு
யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

திட்டவில்லை அவர். காலிப் பெட்டிகளை எண்ணினார்.
"முள் பொய் சொல்லிச்சா?"
இல்லை. முள் ஐப்பசியைத்தான் சொன்னது.
மார்கழியைச் சொன்னது நான்.

நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: நாலுக்கு மூன்று.
அதன் கீழே: அந்த மூன்றும் தற்செயலாக இருக்கலாம்.
இரண்டாவது வரியை எழுத
ஒரு வாரம் ஆனது.

இன்று ஐப்பசி பதினேழு.
ஒன்பது நாளாக முள் இறங்கவில்லை.
"ஒரு தேதி சொல்லும்மா" என்று வந்து நிற்கிறார்.
"பத்துக்கு ஆறு, குளிர்."
"மீதி நாலு?"
"இரண்டு ஏக்கரை முன்னால் வெட்டலாம்,
இரண்டைப் பின்னால்."
"பாதி நஷ்டம் உறுதின்னு சொல்றே."
"பாதிக்கு மேல போகாதுன்னு சொல்றேன்."

பதில் இல்லை.
கத்தரிகளைச் சாணைக்குக் கொடுத்தனுப்பினார்,
எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று சொல்லாமல்.

மணி பத்தாகப் போகிறது.
முள் கொஞ்சம் ஏறும்.
அது தினமும் ஏறுவதுதான்,
அதில் எங்களுக்கு ஒன்றுமில்லை.